தீட்டு என்றால் அழுக்கா?

கேள்வி: மார்ச் 3, 2024

"தீட்டு என்பது அழுக்குக்கு நம் முன்னோர் வைத்த பெயர். கிருமி என்ற சொல் வராத காலத்தில் கிருமியிலிருந்து தப்பிக்க அவர்கள் கண்ட வழி. பிள்ளை பெற்ற வீட்டிலும் சாவு வீட்டிலும் ஒதுங்கி இருப்பது சுகாதாரமே தவிர வேறில்லை. இதை மூடநம்பிக்கை என்று பேசியவர்கள்தானே கொரோனா காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்? தமிழ் தெரிந்தவர்களும் மருத்துவம் தெரிந்தவர்களும் பதில் சொல்லட்டும்."

மார்ச் 3, இரவு 9.40

தீட்டும் அழுக்கும் ஒன்றல்ல, தம்பி. அழுக்கு கண்ணுக்குத் தெரியும், கையில் ஒட்டும், சோப்புப் போட்டால் போகும். தீட்டு கண்ணுக்குத் தெரியாது, சோப்புக்கும் போகாது. நாள் கணக்கு முடிந்தால் போகும், அல்லது யாராவது மஞ்சள்நீர் தெளித்தால் போகும். சேற்றில் உழுதுவிட்டு வருகிறவருக்கு உடம்பெல்லாம் அழுக்கு, தீட்டு இல்லை. இரண்டு வேளை குளித்துச் சலவைப் புடவை கட்டி மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பொட்டு அழுக்கு இல்லை, தீட்டு உண்டு.

நான் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாதிக்கு மேற்பட்ட காலம் பிரசவ வார்டு, மீதி அறுவை அரங்கு. இந்தச் சொல் செய்யும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். விரிவாக நாளை எழுதுகிறேன்.

மார்ச் 4, காலை 6.15

முதலில் சொல்லின் பிறப்பு. தீண்டு என்ற வினையிலிருந்து வந்தது தீட்டு. ஈண்டு, ஈட்டு என்று ஒரு இணை இருக்கிறது அல்லவா? அதே போக்குத்தான். தீண்டாமையும் தீட்டும் ஒரே வேரில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஆக, சொல்லுக்குள் இருப்பது தொடுதல். அழுக்கு, நாற்றம், நோய் எதுவும் அதற்குள் இல்லை. யார் யாரைத் தொட்டார் என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது.

கத்தி தீட்டுவது, ஓவியம் தீட்டுவது, அரிசி தீட்டுவது எல்லாம் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு சொல். தேய்ப்பதும் பூசுவதும் அதன் பொருள். ஒலி ஒன்றாக இருப்பதை வைத்து "மனத்தைத் தீட்டித் துலக்குவதால் தீட்டு" என்று விளக்கம் சொல்ல வேண்டாம். கோயில் சொற்பொழிவுகளில் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 4, மதியம்

சுகாதாரம் என்ற வாதத்துக்கு வருகிறேன்.

ஊரில் ஒரு பங்காளி இறக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி மகனுக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. கேட்ட நொடியில் அவனுக்குத் தீட்டு. தலைமுழுக வேண்டும், கோயிலுக்குப் போகக்கூடாது, வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது. அதே இறந்தவரை ஆறு மாதம் மெத்தையில் புரட்டிப் போட்டு, மலம் எடுத்து, புண்ணுக்கு மருந்து வைத்த மகள் இருக்கிறாள். மணமாகிப் போனவள் என்பதால் பல குடும்பங்களில் அவளுக்கு மூன்று நாள் தீட்டுத்தான். கிருமி கம்பி வழியாகக் கடல் தாண்டிப் போய்ப் பங்காளியைப் பிடிக்கிறது, பக்கத்தில் இருந்த மகளை விட்டுவிடுகிறது என்று எந்த மருத்துவரிடம் போய்ச் சொல்ல முடியும்?

இன்னொன்று. மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் இறப்புத் தீட்டுக்கு நாள் வகுக்கிறது. பிராமணருக்கு 10 நாள், சத்திரியருக்கு 12, வைசியருக்கு 15, சூத்திரருக்கு ஒரு மாதம். பிணம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் அழுகும். நாள் மட்டும் ஏன் மாறுகிறது? உடம்பை எண்ணி எழுதியிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. பிறப்பை எண்ணி எழுதியதால் வந்தது.

துக்கத்துக்கு நாள் வேண்டும் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அழுது முடிக்கவும் சமைக்காமல் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கவும் அண்டை வீட்டார் சோறு கொண்டுவரவும் ஒரு கால அளவு வேண்டியதுதான். அதற்குத் துக்கம் என்றே பெயர் இருக்கட்டும்.

மார்ச் 4, இரவு

கொரோனாவைப் பற்றி விட்டுவிட்டேன் என்று கேட்கிறார்கள். தனிமைப்படுத்தல் என்பது நோய் தொற்றக்கூடிய நாட்களுக்கு மட்டும். அமைச்சரானாலும் அவர் ஓட்டுநரானாலும் ஒரே நாள் கணக்கு. பரிசோதனையில் தொற்று இல்லை என்றால் வெளியே வரலாம். தீட்டில் அப்படி ஒரு பரிசோதனை உண்டா? அந்தக் காலத்தில் தீட்டு மனப்பான்மை எங்கே தலைகாட்டியது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் கூடித் தாக்கினார்கள். வண்டியை அடித்து நொறுக்கினார்கள். கிருமியைப் பற்றிய அறிவு அந்தத் தெருவுக்கு வருவதற்குள் தீட்டைப் பற்றிய பயம் வந்து சேர்ந்துவிட்டது.

மார்ச் 6, காலை

நேற்று எழுத முடியவில்லை. கேள்வி கேட்ட தம்பி, "பிள்ளை பெற்றவளைத் தனியே வைப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லதுதானே, அதைச் சொல்லுங்கள்" என்கிறார். சொல்கிறேன். நான் கோபப்படும் இடமே அதுதான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் எந்த இடத்தைக் கொடுத்தார்கள்? முன்கூடத்தையா? பூசையறைக்குப் பக்கத்து அறையையா? புறவாசலில் ஒரு சாய்ப்பு, அல்லது மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஓலை மறைத்த ஒரு மூலை. வீட்டிலேயே கெட்ட இடம் எதுவோ அதுதான் பேறுகாலத்துக்கு. எதைப் போட்டுப் படுக்க வைத்தார்கள்? தூக்கி எறியப்போகும் பழந்துணி, கிழிந்த பாய். நல்ல பாயைக் கொடுத்தால் பிறகு அதை எரிக்க வேண்டும், ஏனென்றால் தீட்டு. கொடியை எதால் அறுத்தார்கள்? கையில் கிடைத்த அரிவாள். தொப்புளில் என்ன வைத்தார்கள்? சாம்பல், சில இடங்களில் சாணம். அப்படிப் பிறந்த குழந்தைகளில் எத்தனையோ ஒரு வாரத்தில் தாடை இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து செத்தன. ரணஜன்னி. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, மருத்துவமனைப் பிரசவம் எல்லாம் வந்த பிறகு, 2015இல்தான் இந்தியா தாய்சேய் ரணஜன்னியை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

இதைக் கவனியுங்கள். பிரசவம் தீட்டு என்று நினைத்ததால்தான் பிரசவ இடம் அழுக்காயிற்று. அங்கிருந்த அழுக்குக்குக் காரணமே தீட்டு.

சேனை வைப்பதை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பத்தில் நல்ல பெயர் எடுத்தவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பார். அவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. நான் வார்டில் பார்த்த ஒரு பெரியவர், பஸ்ஸில் வந்து இறங்கி, வெற்றிலை போட்ட விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, அப்படியே கிண்ணத்தில் தொட்டு, பிறந்து அரைமணி நேரம்கூட ஆகாத குழந்தையின் வாயில் வைக்கப் போனார். சுண்ணாம்பு நகக்கண்ணில் வெள்ளையாக இருந்தது. பக்கத்திலேயே குழந்தையின் ஆச்சி, தாயின் சீம்பாலைப் பீய்ச்சி ஒரு கிழிந்த துணியில் விட்டுக்கொண்டிருந்தார், "மஞ்சளாக இருக்கிறது, கெட்ட பால், தீட்டுப் பால்" என்று. நான் அந்த விரலைப் பிடித்து நிறுத்தினேன். பெரியவருக்குக் கோபம் வந்தது. உறவினர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

எது சுத்தம், எது அழுக்கு என்பதை இந்தச் சொல் தலைகீழாக மாற்றிவைத்திருந்தது. நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த முதல் பால் துணிக்குப் போயிற்று, வெற்றிலை விரல் வாய்க்குப் போக இருந்தது. இதைச் சுகாதாரம் என்று யாராவது சொல்லும்போது என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

தாய்க்கு ஓய்வு வேண்டும், பார்வையாளர் கூட்டம் கூடாது, கை கழுவாமல் குழந்தையைத் தூக்கக்கூடாது என்பதெல்லாம் சரி. அவற்றை அப்படியே சொல்லலாமே. அதற்குத் தாயைத் தீட்டு ஆக்க வேண்டியதில்லை.

மார்ச் 6, பிற்பகல்

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சியைப் பற்றி. பல ஊர்களில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். உயிரைக் கையில் வாங்கியவர் அவர்தான். குழந்தையை முதலில் தொட்டதும் அவர்தான். தீட்டுக் கழித்த பிறகு அந்த வீட்டு அடுக்களைக்குள் அவர் வர முடியாது. புறவாசலில் நெல்லும் பழம்புடவையும் வாங்கிக்கொண்டு போவார். எங்கள் வார்டிலும் இதைத்தான் வேறு உருவில் பார்த்தேன். நஞ்சுக்கொடி விழுந்த வாளியைக் கழுவிய அம்மாள், குழந்தையின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு எட்டி நின்றபடி கேட்பார். துணியை விலக்கிக் காட்டுவார்கள். கையில் கொடுக்க மாட்டார்கள். நாங்கள் கையுறை மாட்டிச் செய்த வேலையை அவர் அந்தக் காலத்தில் வெறுங்கையால் செய்தார்.

மார்ச் 7

அறுவை அரங்கைப் பற்றி ஒரு நண்பர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். "தியேட்டரில் கையுறை போட்ட மருத்துவர் தெரியாமல் மேசையைத் தொட்டுவிட்டால், மேசை பளபளவென்று சுத்தமாக இருந்தாலும், கையுறையைக் கழற்றி எறிகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தொட்டதால் ஒட்டிக்கொண்டது என்றுதானே? மடி என்பதும் அதுதானே?"

முதல் பார்வையில் ஒன்று போலத்தான் இருக்கிறது. மடி என்பது சில வீடுகளில் பூசைக்கும் சமையலுக்கும் காக்கும் சடங்குச் சுத்தம். மடித் துணியைக் கொடியில் உயரப் போட்டு, கோலால் எடுப்பார்கள். குளித்துவிட்டு வந்தவரைத் தவிர மற்றவர் தொட்டால் அது விழுப்பு, அதாவது மடி கெட்டது. நாங்களும் கிருமி நீக்கிய துணியைக் கிடுக்கியால் எடுப்போம். புதிதாக வந்த செவிலிப் பிள்ளைகளுக்குத் தியேட்டர் ஒழுங்கைப் புரிய வைக்க "மடி ஆசாரம் போல" என்று மூத்த சிஸ்டர் ஒருவர் சொல்வார். அவர் கிறிஸ்தவர். அவர் சொன்னது பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

ஆனால் நாள் செல்லச் செல்ல எனக்கு வேறுபாடுதான் கூடுதலாகத் தெரிந்தது. எங்கள் துணிக் கட்டு டிரம்முக்குள் போய், 121 டிகிரி நீராவியில், 15 பவுண்டு அழுத்தத்தில், அரை மணி நேரம் வெந்து வரும். மேலே ஒட்டியிருக்கும் நாடாவில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். கோடு விழவில்லை என்றால் யார் சொன்னாலும் பிரிக்க மாட்டோம். மாதவிடாயில் இருக்கும் செவிலி கை தேய்த்துக் கழுவி, அங்கியும் கையுறையும் போட்டால் அவர் ஸ்டெரைல், அதாவது கிருமி நீக்கிய நிலையில் இருப்பவர். குளித்து விபூதி பூசி வந்த தலைமை மருத்துவர் கையுறையோடு தன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தால் அவர் ஸ்டெரைல் இல்லை. அந்த நொடியில் வயதில் சிறிய செவிலி "சார், கையுறை மாற்றுங்கள்" என்று சொல்லலாம், சொல்லியாக வேண்டும். மடியில் இதற்கு இடம் உண்டா? வீட்டு வேலைக்கு வரும் பெண் பெரியவரைப் பார்த்து "ஐயா, நீங்கள் விழுப்பு" என்று சொல்ல முடியுமா?

1847இல் வியன்னாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகள். தாய்மார்கள் அதிகம் செத்தது மருத்துவர்கள் பிரிவில். காரணம் தேடிய அங்கிருந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், மருத்துவர்கள் பிண அறுவைக் கூடத்திலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருவதைக் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்த பிரிவில், அடுத்த ஆண்டில் அது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்தது. மருத்துவர்களுக்கோ அது பெரிய அவமானமாகப் பட்டது. கனவான்களின் கை அழுக்காக இருக்குமா என்று எதிர்த்தார்கள். படித்த, உயர்ந்த, மதிப்புள்ள கைதான் சாவைக் கொண்டுவந்தது. தீட்டு என்ற கணக்கில் இந்த உண்மை ஒருநாளும் வெளிவந்திருக்காது, அதில் சந்தேகம் எப்போதும் கீழ்நோக்கியே போகும்.

மார்ச் 7, இரவு

யாழ்ப்பாணத்து நண்பர் துடக்கு என்ற சொல்லை நினைவுபடுத்தியதற்கு நன்றி. "செத்தவீட்டுத் துடக்கு", "பிள்ளைத் துடக்கு" என்று அங்கே சொல்கிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு செய்து துடக்குக் கழியும். தொடக்கு என்பதுதான் துடக்கு ஆகியிருக்கிறது, பேச்சில் கொடு என்பது குடு ஆவது போல. தொடு, தொடர், தொடக்கு: பற்றிக்கொள்வது, கட்டுண்பது. இங்கேயும் பாருங்கள், அழுக்குக்கு இடமில்லை. தொடுதல்தான் வேர்.

மலையாளத்தில் மாதவிடாய்க்குத் தீண்டாரி என்று பெயர். கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்டவர் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்ற தூரத்துக்குத் தீண்டாப்பாடு என்று பெயர். பெண்ணின் உடம்புக்கும் சாதிக்கும் ஒரே வேர்ச்சொல். 2018 செப்டம்பர் 28 அன்று வந்த சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்ணை விலக்குவதும் அரசமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமையின் ஒரு வகையே என்று எழுதினார். நீதிபதி இந்து மல்ஹோத்ரா மாறுபட்டார். சட்டத்தில் அது எப்படியோ, மொழி அந்த இரண்டையும் எப்போதோ சேர்த்துப் பேசிவிட்டது.

மார்ச் 9

பத்துப் பாத்திரம் என்றால் பத்து எண்ணிக்கையா என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் "எங்கள் வீட்டில் முப்பதாவது இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். எண்ணிக்கை இல்லை. பற்று. பாத்திரத்தில் பற்றிக்கொண்டிருக்கும் சோற்றுப் பருக்கை. பற்றுப் பாத்திரம் பேச்சில் பத்துப் பாத்திரம் ஆயிற்று. சில வீடுகளில் சோற்றுப் பானையைத் தொட்ட கையோடு தயிர்ச் சட்டியைத் தொட்டால் "பத்து, கையைக் கழுவு" என்பார்கள். ஊறுகாய் கெடாமல் இருக்க இது உதவும், நானே கடைப்பிடிக்கிறேன். பற்றியது கழுவினால் போய்விடும் என்பதால் இந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை.

எச்சிலும் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். எஞ்சியது எச்சில், எஞ்சியது எச்சம். பிறகுதான் வாய்நீருக்கு ஆயிற்று. குழந்தை கடித்துப் போட்ட முறுக்கைத் தாய் தின்பாள், அதை யாரும் எச்சில் என்று ஒதுக்குவதில்லை. கண்ணப்பர் வாயில் நீரை முகந்துவந்து உமிழ்ந்தார், கடித்துச் சுவை பார்த்த இறைச்சியைப் படைத்தார். அந்த வாயைத் திருவாசகம் வாய்க்கலசம் என்கிறது. அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியார் தினமும் வந்து அந்த இடத்தைக் கழுவி, பரிகாரம் செய்து அழுதார். இருவரில் யார் பக்கம் இறைவன் நின்றான் என்பது சைவ வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தோம்.

மார்ச் 10

"சங்க காலத்தில் இந்த விலக்கே கிடையாது, எல்லாம் வடக்கிலிருந்து பின்னாளில் வந்தது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். இது சரியில்லை. புறநானூறு 299ஐப் பாருங்கள். பொன்முடியார் பாட்டு. சிற்றூர் மன்னனின் உளுந்துச் சக்கை தின்ற குதிரை போர்முனையைப் பிளந்துகொண்டு போகிறது, நெய் ஊற்றிய உணவு தின்ற பெருமன்னர் குதிரைகளோ "முருகன் கோட்டத்துக் கலந்தொடா மகளிரின்" ஒதுங்கி நிற்கின்றன. மாதவிடாயால் கோயிலில் பாத்திரம் தொடக்கூடாத பெண்கள் என்பது அந்தக் காலத்திலேயே எல்லாருக்கும் தெரிந்த காட்சியாக இருந்தால்தானே உவமையாகும்? நம் வீட்டிலிருந்த குற்றத்தைப் பக்கத்து வீட்டின் மேல் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

அதே சமயம் தொல்காப்பியம் கற்பியலில் வேறு பக்கமும் இருக்கிறது. பரத்தையிடம் போன கணவனானாலும் பூப்புத் தோன்றியதிலிருந்து பன்னிரண்டு நாள் மனைவியை விட்டு நீங்கி உறையக் கூடாது என்கிறது. பிள்ளைப்பேற்றை நினைத்துச் சொன்னது. ஆக ஒரே மொழியில் தள்ளி நிறுத்தியதும் இருக்கிறது, தள்ளி நிற்காதே என்றதும் இருக்கிறது.

திட்டித் தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். "ஆசூசம் ஆசூசம் என்பார் அறிவிலார்" என்றார் திருமூலர். ஆசூசம் என்றால் தீட்டு. "தூமை தூமை என்றுளே துவண்டலையும் ஏழைகாள்" என்றார் சிவவாக்கியர். எந்த மாதவிடாய்க் குருதியைத் தூமை என்று வெறுக்கிறாயோ அதுவே திரண்டுதான் உனக்கு மந்திரம் சொல்லும் குருவும் ஆனான் என்று கேட்டார். இன்று தெருவில் அந்தத் தூமை என்ற சொல் தாயைச் சேர்த்துத் திட்டும் வசையாகக் கிடக்கிறது. அதைச் சிவவாக்கியர் எழுதிய இடத்தில் படிக்கும்போது எனக்குக் கூச்சம் வரவில்லை, தைரியம் வருகிறது.

மார்ச் 12

மாதவிடாய்க்கு ஊரில் புழங்கும் பெயர்களைச் சேர்த்துவிடுகிறேன், பலர் கேட்டார்கள். வீட்டுக்குத் தூரம், வீட்டு விலக்கு, ஒதுங்கியிருக்கிறாள், முட்டு. மதுரை மாவட்டத்துச் சில கிராமங்களில் பெண்கள் அந்த நாட்களில் தங்கும் பொது வீட்டுக்கு முட்டுத்துறை என்று பெயர். எல்லாமே இடத்தைக் குறிக்கின்றன, எங்கே இருக்கக் கூடாது என்பதை. உடம்புக்கு என்ன ஆகிறது என்று எந்தச் சொல்லும் சொல்லவில்லை. "முழுகாமல் இருக்கிறாள்" என்றால் கர்ப்பம் என்று பொருள், இந்த மாதம் அந்தக் குளியல் இல்லை என்பதால். பாதிக்கு மேல் நகரத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் ஒருவர், "முழுகாமல் இருக்கிறேன்" என்ற கிராமத்துப் பெண்ணைக் குளித்துவிட்டு வரச் சொல்லி அனுப்ப இருந்தார்.

பெயரைப் பற்றி மட்டும் பேசி நிறுத்த என்னால் முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பூப்பெய்திய சிறுமி வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் குடிசைமேல் விழுந்து இறந்துபோனாள். புயல் எச்சரிக்கை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெற்றவர்களுக்கு அவள்மேல் அன்பு இல்லாமல் இல்லை. ஒரு சொல் அன்பை மீறி அவளை வெளியே வைத்தது.

"அம்மனே ஏற்றுக்கொள்ள மாட்டாள்" என்று எழுதிய சகோதரிக்கு: மேல்மருவத்தூரில் மாதவிடாய் நாளிலும் பெண்கள் கருவறை வரை போகிறார்கள். கேரளத்தில் செங்கன்னூர் தேவிக்கும் அசாமில் காமாக்கியாவுக்கும் மாதவிடாய் வருவதை விழாவாகவே கொண்டாடுகிறார்கள். அம்மனின் பெயரில் ஊருக்கு ஒரு சட்டம் இருக்கும்போது எது அவள் சொன்னது?

மார்ச் 13

துப்புரவு. இதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. குறள் 1050இல் துப்புரவு என்றால் துய்ப்பதற்குரிய பொருள். பிறகு சுத்தம் என்று பொருள் வந்தது. நல்ல சொல். அதைத் தெருக் கூட்டுகிறவர்களுக்குப் பெயராக வைத்தோம். சில பத்தாண்டுகளில் அந்தச் சொல்லையே கேவலமாக்கினோம். 2020இல் தமிழக அரசு தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. நல்ல எண்ணம்தான். ஆனால் புறநானூறு 311ஐப் படித்தால் மனம் கனக்கிறது. களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் "புலைத்தி கழீஇய தூவெள் அறுவை" என்று ஔவையார் பாடுகிறார். ஊரார் துணியைத் தூய வெள்ளையாக்கித் தந்தவள் பெயர் புலைத்தி. புலை என்றால் இழிவு, தீட்டு. வெளுத்தவளிடம் இழிவின் பெயரும், உடுத்தியவனிடம் வெண்மையும் போய்ச் சேர்ந்தன. பெயரை எத்தனை முறை மாற்றினாலும், கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடுத்த பிறகும் இறக்கிக்கொண்டே இருந்தால், புதிய சொல்லும் சீக்கிரம் பழைய சொல்லாகும்.

மார்ச் 15

கடைசியாக, பள்ளிப் பெண்களுக்குக் கையேடு எழுதும் கல்லூரி மாணவிக்கு. எந்தச் சொல் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள், மகளே.

மாதவிடாய் என்றே எழுதுங்கள். கெட்ட ரத்தம், கழிவு ரத்தம், அசுத்த ரத்தம் என்று எதுவும் வேண்டாம், அது பொய். கருப்பையின் உட்சவ்வு உரிந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது, அவ்வளவுதான். "தீட்டு நாட்களில் சுத்தமாக இருப்பது எப்படி" என்ற உங்கள் தலைப்பை மாற்றிவிடுங்கள். அந்தத் தலைப்பே பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

துணி பயன்படுத்தும் பிள்ளைகள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். துவைத்த துணியை யாரும் பார்க்கக் கூடாது என்று பாவாடைக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால், குளியலறை மூலையில் போடுகிறார்கள். அது காயாது. ஈரத்தோடு மறுபடி எடுத்து வைப்பதால் அரிப்பும் புண்ணும் தொற்றும் வருகின்றன. இப்படிப் புண்ணாகிப் பல மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்து, நடக்க முடியாமல் வந்த பெண்களுக்கு மருந்து வைத்திருக்கிறேன். எனவே சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில், திறந்த கொடியில் காயப்போட வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தலைமையாசிரியர் அந்த வரியையும் படத்தையும் எடுக்கச் சொல்வார், பெற்றோர் சங்கடப்படுவார்கள் என்பார். எடுக்காதீர்கள். பக்கம் போதவில்லை என்றால் முன்னுரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை எனக்கு அனுப்புங்கள், மருத்துவப் பகுதியைப் படித்துப் பார்த்துத் தருகிறேன்.